காரைத் தாழ்த்தச் சொன்ன பதில் சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த வாகனக் கேள்வி பதில் பகுதியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கும் ஒரு தம்பி, பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருப்பதாகவும், அதில் ஆட்டோகிராஸ் ஓட்ட ஆசை, சஸ்பென்ஷனில் முதலில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். அதற்கு, இரண்டு அங்குலம் தாழ்த்தும் ஸ்பிரிங் போடுங்கள், எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பதில் வந்திருந்தது. அந்தத் தம்பி இதை நம்பிக் காசைப் போட்டுவிடுவாரே என்ற பதைப்பில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நானும் அதே காரில் அதே வேலையைச் செய்து ஒரு சீசன் முழுவதையும் விட்டவள்.

சொந்த ஊர் கோயம்புத்தூர். மிச்சிகனில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. நானும் என் கணவரும் 2004 மாடல் டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏப்ரலில் பனி விட்டதும் தொடங்கி அக்டோபர் வரை கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் ஓட்டுகிறோம்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊரில் அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் மண் தரையில். இங்கே அது தார் அல்லது கான்கிரீட் தரையில் நடக்கிறது. பெரிய வாகன நிறுத்துமிடம், பழைய விமான ஓடுதளம், இப்படி ஏதாவது ஒரு திடலில் ஆரஞ்சு நிறக் கோன்களை அடுக்கி வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத்தான் போகும், பக்கத்தில் முந்துவதற்கு யாரும் கிடையாது, எதிரி கடிகாரம் மட்டும்தான். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம், ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி சேர்த்துவிடுவார்கள். 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது, அவர்களுடைய தேசியப் போட்டி ஒவ்வொரு செப்டம்பரிலும் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், பழைய விமானத் தளத்துக் கான்கிரீட்டில் நடக்கும், ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். அன்றாடம் வேலைக்கு ஓட்டிப் போகிற காரையே கொண்டுவந்து ஓட்டலாம் என்பதுதான் இதன் அழகே.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். முதல் தவறு சஸ்பென்ஷனில்கூட இல்லை, விதிப்புத்தகத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் சேரும் 'ஸ்ட்ரீட்' பிரிவில் கார் கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்பிரிங்கை மாற்றவே கூடாது. ஷாக் அப்சார்பரை மாற்றலாம், ஸ்டெபிலைசர் பாரில், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டியின் சாய்வைக் குறைக்கும் இரும்புத் தண்டில், முன்பக்கம் அல்லது பின்பக்கம் ஏதாவது ஒன்றை மாற்றலாம், டிரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) 200-க்குக் குறையாத எந்தச் சாலை டயரையும் போடலாம், அலைன்மென்ட்டை வண்டியில் இருக்கும் வசதிக்குள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட மறுநிமிடமே அந்தத் தம்பி இந்தப் பிரிவை விட்டு வெளியே போய், சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் பிளேட், அகலமான சக்கரம், உயரத்தை மாற்றக்கூடிய விலை உயர்ந்த ஸ்பிரிங்-ஷாக் ஜோடியான காயிலோவர் எல்லாம் போட்டுப் பல வருடம் பழகியவர்களோடு மோத வேண்டி வரும். அவர் கையில் ஒரு ஸ்பிரிங் மட்டும் இருக்கும். எனக்கு நடந்தது அதுதான். விதிகள் வருடா வருடம் கொஞ்சம் மாறும், அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்த வருடப் புத்தகத்தை எடுத்துப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு வண்டியின் அமைப்பைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் காரைத் தாழ்த்தினால் வளைவில் சாயாது என்று ரொம்பப் பேர் நம்புகிறார்கள். அந்தத் தலைமுறை டபிள்யூஆர்எக்ஸில் நான்கு சக்கரத்துக்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிறுத்தி வைக்கும் தூணாகவும் இருக்கும், கீழே ஒரு கை மட்டும் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும். தொழிற்சாலை உயரத்தில் அந்தக் கீழ்க்கை ஏறத்தாழ சமமாகவோ, சக்கரத்தின் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ இருக்கிறது. காரை 2 அங்குலம் இறக்கினால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, உடம்பு மட்டும் கீழே வரும், கையின் வெளி முனை மேல் நோக்கித் தூக்கிக்கொள்ளும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. தூரம் கூடினால் நெம்புகோல் நீளம் கூடியது போலத்தான், வண்டியைச் சாய்க்கும் விசைக்கு இன்னும் வசதியாகிவிடுகிறது. தாழ்த்தினால் சாய்வு குறையும் என்று போனால் ஸ்பிரிங் கொடுத்த விறைப்பில் பாதியை இதுவே தின்றுவிடும். அதோடு கை மேல் நோக்கித் தூக்கிய பிறகு, வளைவில் வெளிச் சக்கரம் அமுங்க அமுங்க டயர் உள்பக்கம் சாய்வதற்குப் பதில் நிமிர்ந்து வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். டயரின் அகலம் முழுவதும் தரையில் பதியாமல் வெளி விளிம்பு ஒன்றே மொத்தப் பாரத்தையும் சுமக்கும்.

எங்கள் காரில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஸ்பிரிங் போட்ட புதிதில் வீட்டிலிருந்து பார்த்தால் வண்டி அவ்வளவு அழகு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் போகாது. திடலில் ஓட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் மூக்கு நேராகவே போகிறது. கூட ஓட்டும் ஒரு பெரியவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி, சாமான் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை எடுத்து முன்பக்க ஷாக் அப்சார்பர் தண்டில் இறுக்கிக் கட்டினார். தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அதுவரைக்கும் அந்த டை தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு ஓட்டம் முடித்து வந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தோம், டை மேலே, ஷாக் முழுக்க அமுங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரோடு ஒட்டிக்கிடந்தது, ரப்பரின் அடியில் நசுங்கிய வெள்ளைத் தடம். அதாவது ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஸ்பிரிங்கில் நிற்கவில்லை, அந்த ரப்பர்க் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் உட்கார்ந்த நொடியில் அந்தப் பக்கத்தின் விறைப்பு பல மடங்காகத் திடீரென்று ஏறும், டயர் அதைத் தாங்காமல் வழுக்கும். காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. அந்த டை இரண்டு சென்ட்கூடப் பெறாது, எங்களுக்கு அது சொன்ன சேதியை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை.

அந்த வருடம் முழுக்க, தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு அதே மாடல் ஓட்டிய ஒரு நண்பரைவிட ஒவ்வொரு வாரமும் ஒன்று, ஒன்றரை விநாடி பின்தங்கியே இருந்தோம். அதற்கு முந்தைய வருடம் அவரும் நாங்களும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். ஒரு நிமிட ஓட்டத்தில் ஒன்றரை விநாடி என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சரி, அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? அந்தத் தம்பியின் வண்டிக்கு என்ன நோய் என்று முதலில் பார்க்க வேண்டும். சுபாருவின் படுக்கை எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. மொத்த எடை ஏறத்தாழ 1,400 கிலோ, அதில் 60 விழுக்காட்டை நெருங்கிய பாரம் முன் சக்கரங்கள் மேல். அதனால் இயல்பிலேயே மூக்கு தள்ளும் வண்டி. கம்பெனிக்காரர்களும் சாதாரண ஓட்டுநர் பயப்படாமல் இருக்க அதை இன்னும் கொஞ்சம் தள்ளுகிற மாதிரியே விடுகிறார்கள். அதன் மேல் டர்போ, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கும் கருவி. 2 லிட்டர் எஞ்சின், 227 குதிரைத்திறன், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எஞ்சின் சுற்று 3,000-க்கு மேல் ஏறினால்தான் அந்தச் சக்தி வருகிறது. ஆட்டோகிராஸில் புறப்பட்டதும் இரண்டாவது கியருக்குப் போய்விட்டால் கடைசி வரை அதுதான், இறுக்கமான திருப்பத்தில் சுற்று 2,500-க்கு இறங்கிவிடும். அங்கே ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் டர்போ விழித்துக்கொண்டு மொத்தமாகத் தள்ளும், எடை பின்னால் சாயும், முன் சக்கரங்கள் இலேசாகும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அந்த இலேசான முன் சக்கரங்களே இழுக்கவும் வேண்டும் திரும்பவும் வேண்டும். அதனால்தான் சக்தி வந்ததும் வண்டி வளைவை விட்டு வெளியே அகன்று போய்க் கோனைத் தட்டுகிறது.

ஆக சஸ்பென்ஷனில் செய்கிற ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான்: வளைவுக்குள் நுழையும்போதே வண்டி திரும்பி முடித்திருக்க வேண்டும். டர்போ வந்து தள்ளும் நேரத்தில் ஸ்டியரிங் ஏறக்குறைய நேராகியிருக்க வேண்டும். அப்புறம் நாலு சக்கரத்தின் பிடிப்பும் நமக்குச் சாதகம், பின்சக்கர வண்டிக்காரர்கள் வால் ஆடிக்கொண்டிருக்கும்போது நாம் போய்விடலாம்.

இதற்கு முதல் செலவு டயர். வேறு எதுவும் டயருக்கு முன்னால் வரக்கூடாது. 200 டிரெட்வேர் டயர்களில் நல்லது நான்கு வாங்கினால் அதுவே வேறு எந்தப் பாகத்தைவிடவும் அதிக நேரத்தைக் கொடுக்கும். அடுத்தது காற்றழுத்தம், இது இலவசம். வெள்ளைச் சாக்பீஸால் டயரின் வெளித் தோளில், டிரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை போடுங்கள், நாலு டயரிலும் மூன்று மூன்று இடத்தில். ஓட்டிவிட்டு வந்து எதுவரை சாக்பீஸ் அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பல டயர்களில் அந்தத் தோளில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும், அழிந்த கோடு அதன் முனையருகே நின்றால் சரி. முனையைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முனையைத் தொடவே இல்லை என்றால் இறக்குங்கள். நாங்கள் காலையில் முன்னால் 38, பின்னால் 36 வைத்துத் தொடங்குவோம். ஒரே காரை நாங்கள் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதால் டயர் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது, ஜூலை வெயிலில் நாலைந்து பி.எஸ்.ஐ. தானாக ஏறிவிடும், அதனால் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய் அவர் இறங்கி நான் ஏறும் இடைவெளியில் டயர்களை நனைப்போம். ஏப்ரல் குளிரில் அதற்கு நேர்மாறு, முதல் ஓட்டத்தில் டயர் கல்லாக இருக்கும்.

மூன்றாவது கேம்பர், அதாவது டயரின் மேல் முனை உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. என்னைக் கேட்டால் இந்த வண்டியின் பாதி மருந்து இதில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன் டயர்கள் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். வளைவில் உடம்பு இரண்டு மூன்று டிகிரி சாயும், ஸ்ட்ரட் அமைப்பு அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும், ஆகவே வெளி டயரின் தோள்தான் தேயும். எங்கள் பழைய முன் டயர்களைப் பார்த்திருக்க வேண்டும், உள்பக்கம் புத்தம்புதிதாகப் பள்ளம் அப்படியே இருக்கிறது, வெளித் தோளில் கட்டைகள் எல்லாம் உருண்டு மழுங்கிக் கம்பி தெரிகிற நிலைமை. இந்த டபிள்யூஆர்எக்ஸில் முன் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளது தொழிற்சாலையிலேயே கோணல் போல்ட்டாகத்தான் வருகிறது, அதைத் திருகினால் கேம்பர் மாறும். அதைக் கடைசி வரை மைனஸ் பக்கம் திருகினால் போதும், ஒரு டிகிரிக்குப் பக்கத்தில் கிடைக்கும், விதிக்கும் உட்பட்டது. ஸ்ட்ரீட் பிரிவைத் தாண்டிப் போகும்போது கேம்பர் பிளேட் போட்டு மைனஸ் 3 வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் கார் இப்போது முன்னால் மைனஸ் 3, பின்னால் மைனஸ் 1.8. லிங்கன் மாதிரி கான்கிரீட் தரையில் பிடிப்பு அதிகம், பிடிப்பு அதிகமானால் சாய்வும் அதிகம், அங்கே இன்னும் கொஞ்சம் கேட்கும்.

இதைச் செய்து வாங்குவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே. அலைன்மென்ட் பார்க்கும் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், முன் கேம்பரை எவ்வளவு மைனஸ் போகுமோ அவ்வளவு வையுங்கள் என்று தாளில் எழுதியே கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எல்லாக் கட்டமும் பச்சையாக உள்ள ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பச்சை என்றால் கம்பெனி சொன்ன அளவுக்கு நடுவில். கேட்டதற்கு, டயர் தேய்ந்துவிடும் மேடம், உங்கள் கணவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார் அங்கிருந்தவர். கணவருக்கு அலைன்மென்ட் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித்தான். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமே மீன்பிடிக் கயிறும், இரும்புக் கடையில் வாங்கிய நாலு நிறுத்தியும், ஒரு டிஜிட்டல் கோணமானியும் வைத்துக் கார் ஷெட்டில் நானே செய்யக் கற்றுக்கொண்டேன். காரின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் கயிற்றை இணையாகக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் கயிறு எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேலில் அளந்தால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன் முனை உள்ளே குவிந்திருக்கிறதா வெளியே விரிந்திருக்கிறதா என்ற அளவு, தெரிந்துவிடும். முதல் முறை ஒரு நாள் பிடித்தது, இப்போது ஒன்றரை மணி நேரம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, கேம்பரைத் தொட்டால் டோவும் கூடவே நகர்ந்துவிடும், எனவே கேம்பரை முடித்த பிறகுதான் டோ. முன்னால் மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விரிந்திருந்தால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும். பின்னால் பூஜ்யம் போதும். சிலர் பின்னாலும் வெளிப்பக்கம் விரித்து வைப்பார்கள், வண்டி நன்றாகத்தான் சுழலும், ஆனால் அதே காரில் மழையில் நெடுஞ்சாலையில் வீட்டுக்கும் வர வேண்டும், அந்தத் தம்பிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான்காவது பின்பக்க ஸ்டெபிலைசர் பார். ஸ்ட்ரீட் பிரிவில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இந்த வண்டிக்கு நான் பின்னால்தான் மாற்றுவேன். பாரின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: 20 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 22 போட்டால், வெறும் 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், விறைப்பு 46 விழுக்காடு கூடிவிடும். 24 போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். பின்பக்கம் விறைத்தால் வளைவில் எடை மாறுவதில் பெரும் பங்கைப் பின் சக்கரங்கள் ஏற்கும், முன் டயர்களின் சுமை குறைந்து மூக்கு உள்ளே வரும். முன் பாரைப் பெரிதாக்குகிற கட்சியும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கேம்பர் கிடைக்காத ஸ்ட்ரட் வண்டியில் சாய்வைக் குறைத்தால் முன் டயர் கொஞ்சம் நிமிராமல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் எங்கள் வண்டியின் முன் டிஃபரென்ஷியல் சாதாரண ஓப்பன் வகை, இரண்டு சக்கரங்களில் பிடிப்பு இல்லாததுக்கே சக்தி வழிந்துபோய்விடும். முன் பார் ரொம்ப விறைத்தால் உள் சக்கரம் இலேசாகி, டர்போ வரும் நேரத்தில் அது வெறுமனே சுழன்று புகைகிறது. அதே மாதிரி பின் பாரையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் சரேலென்று முன்னால் வரும். 22-ல் தொடங்கிப் பழகட்டும்.

ஐந்தாவது ஷாக் அப்சார்பர், பெரிய செலவு அதுதான், ஆனால் ஸ்பிரிங்குக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு. பழைய காரில் எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக்கை வைத்துக்கொண்டு மேலே எதைப் போட்டாலும் வீண். ஆட்டோகிராஸில் கோனுக்குக் கோன் வண்டி இடமும் வலமும் எடையைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதுதான் கைக்கு உணர்வாகத் தெரியும், அந்த வேகத்தைக் கட்டுவது ஷாக்கின் வேலை. திருகுக் குமிழ் உள்ள வகையை வாங்கினால் முதலில் முழுக்கத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். அப்புறம் இரண்டு இரண்டு கிளிக்காக ரிபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளுவதைத் தடுக்கும் விறைப்பை, கூட்டுங்கள், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்குவது தெரியும். ஒரு கட்டத்தில் தார் ஒட்டுப் போட்ட இடங்களில் டயர் குதித்துக் குதித்துப் போவதை இருக்கையிலேயே உணர்வீர்கள், அங்கிருந்து இரண்டு கிளிக் திரும்பி வந்தால் அதுதான் உங்கள் அளவு.

இதையெல்லாம் முடித்து, இரண்டு சீசன் ஓட்டி, கை பழகிய பிறகு வேறு பிரிவுக்குப் போகலாம் என்று தோன்றினால், அப்போது ஸ்பிரிங். அப்போதும் ஸ்டாண்டர்ட் உயரத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள், கீழ்க்கையின் கோணத்தைத் திருத்தும் நீளமான பால் ஜாயிண்ட் போட்டால் அந்தச் சாயும் புள்ளியைக் கொஞ்சம் மேலே கொண்டுவரலாம். நாங்கள் இப்போது மில்லிமீட்டருக்கு 8 கிலோ ஸ்பிரிங்கை (ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும்) முன்னும், 7 கிலோவைப் பின்னும் வைத்திருக்கிறோம், அந்தப் பிளாஸ்டிக் டை இன்னும் தண்டில் இருக்கிறது, இப்போது பம்ப் ஸ்டாப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. காயிலோவர் போட்டால் உயரத்தைக் கண்ணளவில் வைத்துவிட்டுப் போகாமல், ஓட்டுநர் எடைக்கு இருக்கையில் மணல் மூட்டையோ ஆளோ வைத்து நாலு சக்கரத்தையும் தராசில் நிறுத்தி, குறுக்கே எதிரெதிர் மூலைகளின் எடையைச் சமமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் நாங்கள் ஓட்டிய நாட்களில் வண்டி இடப்பக்கம் வெண்ணெயாகத் திரும்பும், வலப்பக்கம் அடம்பிடிக்கும், நான் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டபிள்யூஆர்எக்ஸின் கூடுதல் சக்தி கொண்ட வகையான எஸ்டிஐ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியலை ஒரு சின்னச் சக்கரத்தால் ஓட்டுநரே மாற்றலாம். தார்த் திடலில் அதைப் பூட்டாமல் திறந்தே விடுங்கள், பூட்டினால் மூக்கு தள்ளும். சஸ்பென்ஷனைப் பிரிக்கும் முன் அதைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று பெடலை மிதிக்கும் காலைப் பற்றியது, சஸ்பென்ஷன் இல்லை, ஆனாலும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூக்கு தள்ளுகிறது என்று எங்களிடம் வந்து சொல்லும் புதியவர்களில் பாதிப் பேர் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்புகிறவர்கள். அவர்களுக்கு எந்தப் பார் போட்டாலும் தள்ளத்தான் செய்யும். இடது காலைப் பிரேக்கில் இலேசாக வைத்துக்கொண்டு வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து முழுக்க எடுக்காமல் நுழைந்தால், மூக்கில் எடை இருக்கும், டர்போவும் தூங்கிவிடாது. இது பழகுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. முதலில் இடது காலுக்குக் கிளட்ச் மிதித்த பழக்கத்தில் அளவே தெரியாது, வண்டி முட்டி நிற்கும். காலியான இடத்தில் மெதுவான வேகத்தில் பழக வேண்டும், பொதுச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

அந்தத் தம்பி ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காற்றழுத்தம், கிளிக், தரையின் சூடு, நேரம், வண்டி எங்கே தள்ளியது, எங்கே வால் ஆடியது என்று எழுதட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். என் நோட்டின் முதல் பக்கங்களில் ஒரே நாளில் பாரையும் அழுத்தத்தையும் டோவையும் மாற்றிவிட்டு எதனால் வேகம் வந்தது என்று தெரியாமல் விழித்த குறிப்புகள் இருக்கின்றன, அந்த ஞாயிறுகள் எல்லாம் வீண். அதோடு இருபது வருடப் பழைய கார் என்பதால் பால் ஜாயிண்ட், புஷ், வீல் பேரிங் மூன்றையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் திடலுக்கு வர வேண்டும், பரிசோதனையில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள், ஆடினால் அன்றைக்கு ஓட்ட விட மாட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பகுதியை நான் கோயம்புத்தூரில் பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து படிக்கிறேன். கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கும் ஊர்க்காரி நான், நம்ம பிள்ளைகள் வண்டியைப் புரிந்துகொண்டு ஓட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு உங்களைவிடக் குறைவில்லை. இங்கே ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடும். அதற்குள் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள், ஸ்பிரிங்கை இன்னும் ஆர்டர் செய்யாமல் இருந்தால் அந்தத் தம்பி அந்தக் காசில் நாலு டயர் வாங்கிக்கொள்வார். ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால், கழற்றிய பழைய ஸ்பிரிங்கைத் தூக்கி எறிய வேண்டாம் என்றாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து ஒரு வாசகி